அண்ணன் மாடி, தம்பி கிணறு

மயிலாப்பூரில் கோபுரத்தின் நிழல் விழுகிற தெருக்களில் பாதி வீட்டு மொட்டை மாடி நான் போட்டது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, "யானையைக் கொண்டாந்து நிறுத்திப் பாக்கட்டுமா?" என்று என்னைச் சீண்டினார். "நிறுத்துங்க, படி ஏறுதான்னு பாருங்க" என்றேன். அவர்தான் பின்வாங்கினார், நான் இல்லை. அடையாற்றில் ஆறு கடலைத் தொடுகிற பக்கம், உப்புக் காற்று இரும்பையே தின்கிற இடத்தில், ஒரு கல்யாண மண்டபத்து மாடிக்குத் தட்டோடு, அதுதான் சிவப்புச் சதுர ஓடு, பதித்தேன். அந்த மண்டபத்துக்குள் யாராவது நனைந்தார்கள் என்றால் அது வாசலில் தெளித்த பன்னீரால்தான்.

இத்தனையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய குடிசையில் பிறந்தவன். மழைக்காலத்தில் எங்கள் அம்மா சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் போடுவாள். அடுத்த சொட்டு எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூரைக்கு அடியில் வளர்ந்தவன் ஊரார் தலைக்கு மேல் சொட்டு விழாமல் காத்தேன். எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதையும் சற்றுச் சாய்வாகத்தான் போடுவேன், தண்ணீர் நிற்காமல் ஓடட்டும் என்று. தணிகாசலம் என்பது என் பெயர். 'தட்டோடு தணிகாசலம்' என்றால்தான் ஊருக்குப் புரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே. உங்களிடம் டப்பாவில் அடைத்த மருந்து இருக்கிறது. ஈரத்தை முகர்ந்து பார்க்கிற மிஷின் இருக்கிறது. எதை எதோடு கலப்பது, எத்தனை பூச்சுப் பூசுவது என்பதெல்லாம் டப்பா மேலேயே அச்சடித்திருக்கும், படித்துக்கொள்ளுங்கள். டப்பா மேல் அச்சடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீர் ஓட மாடிக்குச் சாய்வு கொடுக்கிறோமே, அந்த வாட்டம் மாடிக்கு அடியில் குடியிருக்கிறவர்களுக்கும் உண்டு. அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போதுதான் என் மேஸ்திரியை விட்டுப் பிரிந்திருந்தேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பெருமையாகிவிடும். "போடா போ. ஐப்பசில மொத மழ பெய்யட்டும், ஓடியாருவே. உன் பாண்டை யாருக்கும் குடுக்காம வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். பாண்டு என்பது நாங்கள் கலவை சுமக்கிற இரும்புச் சட்டி. திரும்பவும் அதைத் தலையில் ஏற்றுவதா, இல்லை சொந்தமாகக் காண்டிராக்ட் எடுத்து நிற்பதா? எல்லாம் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பழங்காலத்து வீடு. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி. பெரியவர், சின்னவர் என்று அண்ணன் தம்பி இருவர், வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடு கூடத்தில் சுவராக எழும்பி, மொட்டை மாடியில் முழங்கால் உயரத் திட்டாகப் போய் முடிந்தது. இருவரும் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. என்ன சண்டை என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. சண்டையைப் பற்றி விசாரிக்கிற கொத்தனாருக்கு யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டவர் பெரியவர். காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இதோ பாருய்யா. ஐப்பசில எங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். இந்தக் கூடத்துலதான். நங்கநல்லூர்லேர்ந்து மாப்பிள்ளையாத்துக்காரா வரா. போன வருஷம் மழைக்கு மாடித் தண்ணி அப்படியே படில எறங்கிக் கூடம் பூரா வெள்ளம். ஆத்துல இருக்கற அண்டா குண்டானெல்லாம் எடுத்து மொண்டு மொண்டு கொட்டினோம். சம்பந்தி கால்ல செருப்பு மிதந்துண்டு வந்தா நன்னாவா இருக்கும்?"

"ஒரு சொட்டு வராது சார்."

"இன்னொண்ணு. அந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துளி சுண்ணாம்பு விழப்படாது. அவாளோட ஒரு வார்த்தை பேசப்படாது."

"எனக்குப் பேசவே தெரியாது சார்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களில் அதுவும் ஒன்று.

மேஸ்திரியிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். அதை மாடிக்கு எடுத்துப் போய்ப் பாதி குடித்துவிட்டு மீதியைத் தரையில் ஊற்றி, அது போகிற வழியையே குந்திப் பார்த்துக்கொண்டிருப்பார். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம். நானும் அப்படியே சொம்பைக் கவிழ்த்தேன். தண்ணீர் ஒழுங்குப் பிள்ளையாக ஓடிப்போய்த் திட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் விளங்கிவிட்டது. அந்த மாடி பிறந்தபோது ஒரே மாடி. மொத்தத் தண்ணீரும் பின்பக்க மூலையில் இருக்கிற தூம்பு வழியாகக் கீழே இறங்க வேண்டும் என்று அந்தக் காலத்துக் கொத்தனார் அழகாக வாட்டம் கொடுத்திருந்தான். பாகம் பிரித்தபோது தூம்பு தம்பி பக்கம் போய்விட்டது. நடுவில் திட்டுக் கட்டியதும் அண்ணன் மாடி வழியில்லாத தொட்டியாகிவிட்டது. மழை வலுத்தால் தண்ணீர் மாடிப்படி வாசலைத் தாண்டி நேராகக் கூடத்துக்கு இறங்கும். அண்ணன் பக்கம் வேறு தூம்பு வைக்க வழியில்லை. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். தெருப்பக்கம் திருப்பலாம் என்றால் முழத்துக்கு ஜல்லி ஏற்ற வேண்டும், கிழ உத்திரம் தாங்காது. அண்ணன் தண்ணீர் தம்பி தூம்புக்குப் போக வேண்டும், வேறு கதி இல்லை.

பெரியவரிடம் சொன்னேன். "திட்டுக்கு அடியில ஒரே ஒரு ஓட்டை சார்..."

"என் மாடித் தண்ணி அவன் பக்கம் போறதா? நான் போய் அவன்கிட்ட நிக்கறதா? அதுக்குக் கூடத்துல வெள்ளம் வரட்டும்!"

பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வாயோடு பின்பக்கம் சுற்றிக்கொண்டு சின்னவரிடம் போனேன். அவர் ஆடிட்டர். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுக் கிணறும் அவர் பாகத்துக்குத்தான் வந்திருந்தது. கோடை முழுக்க லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்த வருஷம் அது. கிணற்றுக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து வாளியை விட்டுக்கொண்டிருந்தார்.

"அவாத்துத் தண்ணி ஒரு சொட்டு இந்தப் பக்கம் வந்தா மறுபடியும் கோர்ட்டுக்குப் போவேன்னு சொல்லு. வேண்டாம், நீ சொல்ல வேண்டாம். நீ யாரு நடுவுல?"

நான் யார் நடுவில்? நல்ல கேள்வி. மனதில் வாங்கிக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் ஜல்லியை அடித்தார்கள். அஞ்சலை என்று ஒருத்தி அவர்களுக்குத் தலைவி. வெல்ல வாசனைக்குத் தெருவில் இருக்கிற எறும்பெல்லாம் குடும்பத்தோடு மேலே ஏறி வந்தது. "இன்னாண்ணா, கட்டெறும்புக்கும் கூலி உண்டா?" என்று அஞ்சலை கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். ஆண்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். பெரியவர் சம்சாரம் மாடிக்கு வந்து திட்டின்மேல் தன் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பின்பக்க இரும்பு ஏணி வழியாக ஏறி வந்த சின்னவர் சம்சாரம் அதே திட்டில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். முதுகோடு முதுகு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் வாய் இரண்டும் ஓயவில்லை.

"மன்னி, ரசப்பொடி அரைச்சேன். கையைப் பின்னால நீட்டுங்கோ."

"நீட்டியாச்சு. ஏண்டி, சம்பந்திக்கு மைசூர்பாகு போதுமா, பாதுஷாவும் வேணுமா?"

டப்பா முதுகுப் பக்கமாகவே கை மாறியது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பெரியவர் சம்சாரம் பார்த்துவிட்டார்.

"என்னய்யா பாக்கறே? 'அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பப்படாது'ன்னு எங்காத்துக்காரர் சொன்னார். திருப்பினேனா?"

"இல்லம்மா."

"நாங்க பேசினதை..."

"யாரு பேசினா? எங்காதுல சுண்ணாம்பு பூந்துக்கினு ஒண்ணும் கேக்க மாட்டேங்குதும்மா."

அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்காமல் புரையேறிவிட்டது. நான் திட்டையும் தூம்பையும் காட்டி, நிச்சயதார்த்தத்தன்று மழை வந்தால் என்ன நடக்கும் என்று அந்த அம்மாக்களிடம் சொன்னேன். சின்னவர் சம்சாரம் தன் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "ஓட்டை எவ்வளவு பெரிசு இருக்கணும்?"

"ஒரு மண் குழாய் நுழையற அளவுக்கும்மா."

"எங்க பக்கம் பழைய ஆட்டுக்கல் ஒண்ணு சும்மாக் கெடக்கறது. கிரைண்டர் வந்ததுலேர்ந்து அதுக்கு வேலையில்லை. எதிர்ல நகர்த்தி வெச்சா மறைக்குமா?"

"நம்ம பக்கம் மல்லிகைத் தொட்டி இருக்கு" என்றார் மன்னி.

ஆனால் தம்பி பக்கமும் நான் கை வைத்தால்தான் குழாயை ஒழுங்காகப் பதிக்க முடியும். அதற்கு அவர் என்னை வேலைக்குக் கூப்பிட வேண்டும். நான் போய்க் கேட்கவில்லை. புதுத் தட்டோட்டை இறக்கியதும் சின்னவர் கண்ணில் படுகிற மாதிரி தெருவிலேயே அடுக்கிவைத்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

"எதுக்குய்யா இப்படிப் பளபளன்னு துடைக்கறே?" என்று அவரே வந்தார்.

"எதிர்வீட்டு மாடியிலேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் தெரியும் சார். பெரியவர் பக்கம் செக்கச்செவேல்னு இருக்கும். இந்தப் பக்கம்..." என்று நிறுத்திக்கொண்டேன்.

"இந்தப் பக்கம்?"

"பாசியும் ஒரு கலருதான சார்."

மறுநாள் அவர் மாடியும் என் கைக்கு வந்தது, ஒரு நிபந்தனையோடு. அவர் பக்கம் அண்ணன் பக்கத்தைவிட ஒரு விரல் உயரமாக இருக்க வேண்டும். விஷயம் எப்படியோ தெரிந்து பெரியவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் பக்கம்தான் ஒரு விரல் உயரமாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரிடமும் "ஆவட்டும் சார்" என்றேன். ஒருவருக்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு விரல் ஏற்றினேன். இன்னொருவருக்கு மாடிப்படி அறையின் தலையில் ஒரு விரல் ஏற்றினேன். இரண்டு பேரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துத் திருப்தியோடு உள்ளே போனார்கள். தரையின் வாட்டத்தில் நான் கை வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு உயரம், தண்ணீருக்குப் பள்ளம். ஓட்டை போட்டேன், குழாய் பதித்தேன், மேலே தட்டோடு மூடினேன். இந்தப் பக்கம் மல்லிகைத் தொட்டி, அந்தப் பக்கம் ஆட்டுக்கல்.

நிச்சயதார்த்த நாளும் வந்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே வானம் ஈயச்சட்டி மாதிரி இறங்கி நின்றது. கூப்பிடாமலே நான் போனேன். என் வேலைக்கு முதல் பரீட்சை, நான் இல்லாமலா? எதிர்த்த டீக்கடைத் தாழ்வாரத்தில் என் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, வேற எங்கயும் டீ கெடைக்கலியா?" என்றேன்.

"சும்மா பாக்கலாம்னுதான் வந்தேன். பாண்டைத் தேச்சுக் கழுவி வெச்சிருக்கேன்" என்றார்.

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். தாம்பாளங்கள் உள்ளே போயின. நாதஸ்வரம் தொடங்கியது. அதே நிமிஷம் வானமும் தொடங்கியது. சென்னையின் ஐப்பசி மழையைச் சென்னைக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. முதல் கொஞ்ச நேரம் நான் ராஜா. பின்பக்கத் தூம்பிலிருந்து தண்ணீர் கிணற்றுக்குள் கொட்டுகிற சத்தம் தெருவரை கேட்டது. மேஸ்திரியைப் பார்த்து மீசையை முறுக்கினேன். எனக்கு மீசை இல்லை, இருந்தாலும் முறுக்கினேன்.

திடீரென்று அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மழை குறையவில்லை, தூம்புச் சத்தம் மட்டும் குறைந்தது. பின்பக்கம் ஓடி இரும்பு ஏணியில் தாவினேன்.

மேலே சின்னவர். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குடையை இடுக்கிக்கொண்டு, ஆட்டுக்கல்லை நகர்த்திவிட்டு, ஒரு கோணிப்பையைச் சுருட்டி என் ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். திட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மாடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மல்லிகைத் தொட்டி பாதி முழுகிவிட்டது. மாடிப்படி வாசலுக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"பாத்தியாய்யா அநியாயத்தை! அவாத்துத் தண்ணி எங்காத்துக்குள்ள வரது! இது உன் வேலைதானே? உன்னையும் கோர்ட்டுக்கு இழுப்பேன்!"

தம்பிகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள். கீழே அந்தப் பெண் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாதஸ்வரக்காரர் மூச்சு விடாமல் வாசிக்கிறார். எதிரில் கழுவின பாண்டு காத்திருக்கிறது. என்ன சொல்வீர்கள்? "உங்க அண்ணன் பொண்ணு சார், பாவம்" என்று கெஞ்சலாம். "என்னைக் கூப்பிட்டானா?" என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் இல்லை. வாட்டம், தூம்பு என்று நியாயம் சொல்லலாம். கோபத்தில் இருக்கிறவருக்கு நியாயம் கொதிக்கிற எண்ணெயில் தெளித்த தண்ணீர் மாதிரி. கோணியை நானே பிடுங்கலாம். அவர் ஆடிட்டர், நான் கொத்தன், நாளைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது. மூன்றையும் தூரப் போட்டேன். என் கண் கீழே கிணற்றடிக்குப் போனது. கயிற்றோடு கயிறு முடிந்த அந்த வாளி அங்கே இருந்தது.

"நல்லா அடைச்சிருக்கீங்க சார். சொட்டு வராது. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஓட்டைல வர்ற தண்ணி எங்க போவுது?"

"என் தூம்புல."

"தூம்பு எங்க எறங்குது?"

"கிணத்துல."

குரலைத் தாழ்த்தினேன். "பெரியவர் மாடித் தண்ணி பூரா உங்க கிணத்துக்கு வர்ற மாதிரிப் பண்ணி வெச்சேன். மழைக்காலம் முச்சூடும் அவரு தண்ணி உங்க கிணத்துல. நீங்களே அடைச்சுட்டீங்க."

குடைக்கு அடியிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுவாரா சார்?"

அந்த ஆடிட்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மாங்காய் மரத்தில் ஏறின பள்ளிக்கூடப் பையனுக்குத்தான் அப்படி வரும். குடையைத் தூக்கி எறிந்தார். "புடிய்யா கோணியை!"

இழுத்தோம். வரவில்லை. திணித்ததையும் நல்லவிதமாகத் திணித்திருந்தார், எந்த வேலை செய்தாலும் அழுத்தமாகச் செய்கிற குடும்பம். அதற்குள் தண்ணீர் மாடிப்படி வாசலைத் தாண்டி முதல் படியில் சலசலவென்று இறங்கிவிட்டது. அதைக் கண்டு பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெரியவர் மேலே ஓடி வந்தார்.

"என்னடா பண்றே?"

வருஷக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். நான் சாட்சி.

தம்பி கோணியிலிருந்து கையை எடுத்தார். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. பெரியவர் ஓட்டையைப் பார்த்தார், தூம்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். வாத்தியார் இல்லையா, உடனே புரிந்துவிட்டது.

"என் தண்ணியைத் திருடறயா?"

"உன் தண்ணியா? மழை!"

"என் மாடில விழுந்தா என் தண்ணி!"

"அப்படியா? வெச்சுக்கோ! மாடிலயே வெச்சுக்கோ! சம்பந்தி தலைல ஊத்திக்கோ அண்ணா, போ!"

சண்டை போடும்போதும் வாயில் அண்ணா என்றுதான் வந்தது. வந்ததை இரண்டு பேரும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தம்பி வீம்புக்குக் கோணியைத் திரும்ப உள்ளே தள்ளினார். உடனே அண்ணன் தன் பக்கத்தில் குனிந்து, குழாய்க்குள் கையை விட்டுக் கோணியின் மறுமுனையைப் பிடித்தார். தண்ணீர் தன்னுடையது என்று ஒருவருக்கும் விட மனமில்லை, ஆனால் அது மேலே நின்றால் கூடம் போய்விடும். இப்போது வாயைத் திறக்க வேண்டியவன் நான்.

"பெரியவரே, தண்ணி ரெண்டாவது படிக்கு வந்துட்டுது. அடுத்தது கூடம்தான். தண்ணி உங்களுதுதான், யாரு இல்லன்னா? வெக்கிறதுக்கு உங்ககிட்ட எடம் கீதா, அதச் சொல்லுங்க."

பெரியவர் படியைப் பார்த்தார். கீழே நாதஸ்வரம். யாரோ, "ஏன்னா, மேல என்ன சத்தம்?" என்றார்கள்.

"எடுடா கோணியை" என்றார். "ஆனா கிணத்துல பாதி என்னோடது."

"வந்து மொண்டுண்டு போயேன். வாளி அங்கதானே கெடக்கறது. யார் வேண்டாம்னா?"

அவ்வளவுதான் சமாதானம். கோர்ட்டில் வருஷக்கணக்காக எழுதினதெல்லாம் அந்த ஒரு பதிலுக்கு ஈடாகவில்லை. இந்தப் பக்கமிருந்து தம்பியும் நானும் இழுத்தோம், அந்தப் பக்கமிருந்து அண்ணன் தள்ளினார். சோடா பாட்டில் மூடி மாதிரி 'பொளக்'கென்று கோணி வெளியே வந்தது. மூன்று பேரும் என் புதுத் தட்டோட்டில் பொத்தென்று உட்கார்ந்தோம். தண்ணீர் எங்கள் மடியில் ஏறி இறங்கித் தூம்புக்குப் பாய்ந்தது. கிணற்றில் விழுந்த சத்தம் நாதஸ்வரத்தையே அமுக்கிவிட்டது.

மாடிப்படி வாசலில் பெரியவர் சம்சாரம் வந்து நின்றார். "ரெண்டு பேரும் ஈரத்தை மாத்திண்டு கீழ வாங்கோ. சம்பந்தி மாமா தேடறார்."

ரெண்டு பேரும் என்றார். சின்னவர் திட்டைப் பார்த்தார். அதைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தே எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். "இப்படியேவா வரது?" என்று முனகினார். அந்த அம்மா கையை நீட்டினார். கையில் மடித்துவைத்த உலர்ந்த வேட்டி இரண்டு இருந்தது.

கூடம் காய்ந்து கிடந்தது. படியில் இறங்கின தண்ணீரை, சத்தம் கேட்டுத் தெருவழியாகச் சுற்றி ஓடி வந்த சின்னவர் சம்சாரம் கோணி போட்டு அடியிலேயே தேக்கி, மேலே ஒரு கோலமும் போட்டு வைத்திருந்தார். சம்பந்தி கேட்டார், "இவர் யாரு?" என்று. "என் தம்பி. தண்ணி விஷயம் பாத்துண்டிருந்தான்" என்றார் பெரியவர். லக்ன பத்திரிகையை வாசித்து முடிப்பதற்குள் மழையும் ஓய்ந்தது.

நான் பின்கட்டில் இலை போட்டுச் சாப்பிட்டேன். பரிமாறின இரண்டு ஓர்ப்படிகளும் எனக்குப் பாயசம் மட்டும் மூன்று தரம் விட்டார்கள்.

அப்புறம் தொடங்கியது கூத்து. அண்ணன் தம்பி பேசிவிட்டார்கள் என்று மயிலாப்பூர் முழுக்கப் பரவியது. எல்லாம் எங்கள் ஆஞ்சநேயர் கிருபை என்று நங்கநல்லூர்க்காரர்கள் சொன்னார்கள். முகூர்த்தம் குறித்துக் கொடுத்த சாஸ்திரிகள், வேளை அப்படி என்றார். நானும் இரண்டு பேரிடமும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார் பழைய வக்கீல். எல்லாரையும் விடுங்கள், என் மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? டீக்கடையில் நின்றவர்களிடமெல்லாம், "அந்த மாடி போட்டது யாருன்றே? நம்ம பையன். நான் கத்துக்குடுத்தது" என்று மார் தட்டினார். காலையில் கழுவின பாண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எந்தப் பாண்டு?" என்றார்.

கொஞ்ச நாள் முன்பு அந்தக் குடும்பத்துப் பேரன் ஒருவனைப் பார்த்தேன். "எங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும் ஒரு நாள் மழைல தானாவே சேந்துட்டாளாம்" என்றான்.

தானாகவா? தானாக எந்தத் தண்ணீராவது எந்தத் தூம்புக்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா? நீங்கள் தொழில் தெரிந்தவர்கள், நீங்களே சொல்லுங்கள். யாரோ ஒருத்தன் குனிந்து, யாருக்கும் தெரியாமல் வாட்டம் கொடுத்திருப்பான். அந்த வாட்டம் கொடுத்தவன் நான். ஓட்டை என்னுடையது, குழாய் என்னுடையது, தம்பியைப் பார்த்து அவர் கிணற்றுக்காகவே செய்தேன் என்று சொன்ன பொய் என்னுடையது, அண்ணனைப் பார்த்துச் சொன்ன நிஜமும் என்னுடையது. ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் யாராவது இந்தக் கதையை எடுத்தால், நடுவில் புகுந்து என் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். தணிகாசலம், தட்டோடு தணிகாசலம். கேட்டு அந்த ஓர்ப்படிகள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த உலர்ந்த வேட்டி இரண்டை மட்டும் அவர்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளட்டும். மீதி எல்லாம் என் பெயரில் இருக்க வேண்டும்.